ரூபனின் அங்கத்துவப் படிவம்

ரூபனை வேலையால் நிற்பாட்டிய செய்தி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் ஒரு நீலத் துணியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எந்தத் துணியில் எவ்வளவு சாயம் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. செய்தியைக் கொண்டுவந்தவள் தையல் பகுதியில் இருக்கும் றாபியா.

"உன்ர ஆள் போயிட்டார்" என்றாள்.

"ஆர்?"

"ரூபன் சேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டு, ஒரு கடதாசியில சைன் வாங்கிப்போட்டு, கேற்றடியில கொண்டுவந்து விட்டுட்டாங்களாம். இனி கைரேகை மெசினும் கொழும்பில இருக்கிற ஒரு பெட்டையும் போதுமாம் இஞ்சத்தை அலுவலுக்கு."

"என்ன கடதாசி?"

"சொந்த விருப்பத்தில விலகிறன் எண்டு."

நான் குழாயை மூடினேன். சிரிப்பு வந்தது. றாபியா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு பல நாட்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்தேன். சாப்பிடும்போது நினைத்தேன். கேற்றடியில் அவன் எப்படி நின்றிருப்பான், சப்பாத்தைப் பார்த்தபடி நின்றிருப்பானா, காவல்காரன் அவனைச் சேர் என்று சொல்லியிருப்பானா என்றெல்லாம் யோசித்தேன்.

காரணத்தைச் சொல்லவேண்டும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருக்கும் எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் ரூபன் ஆளணி அலுவலர். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் தொழிற்சங்கத்தை உடைத்தவன் அவன். ஒருவரையும் அவன் மிரட்டவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னான். அதையும் என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

அப்போது தொழிற்சாலையில் 936 பேர் வேலை செய்தோம். சங்கத்தில் 412 பேர். கிளைத் தலைவி இரஞ்சிதம் அக்கா, தையல் பகுதி, பெரிய குரல். செயலாளர் நான். எனக்குக் குரல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள், மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவாள் என்பதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். கூட்டங்களில் நான் மூலையில் இருந்து குறிப்பெடுப்பேன். அக்கா பேசுவா.

சங்கத்துடன் பேச முடியாது என்று நிர்வாகம் சொன்னது. உங்களுக்கு ஆள் பலம் இருக்கிறதா என்பதை வாக்கெடுப்பில் காட்டுங்கள் என்றது. தொழில் திணைக்களம் வைகாசி மாதத்தில் மூன்று திகதிகளை அனுப்பி, ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னது. மூன்றும் திங்கட்கிழமைகள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வரும் என்பது எனக்குத் தெரியும். அது எந்தத் திங்கள் என்பதைக் கோயிலில் அறிவிப்பார்கள். நான் கிளிநொச்சிப் பக்கம், ஸ்கந்தபுரம். எங்கள் வீட்டில் கோயில் குளம் என்று போவது குறைவு. முள்ளியவளைப் பக்கத்துப் பெண்களுக்கோ அது வருடத்தில் ஒரே நாள். அவர்கள் நோன்பிருப்பார்கள், நேர்த்தி வைத்திருப்பார்கள், அன்றைக்கு வீட்டில் தீப்பிடித்தாலும் கோயிலடியில்தான் நிற்பார்கள். எங்கள் அங்கத்தவர்களில் 118 பேர் அந்தப் பக்கம்.

முள்ளியவளைப் பெண்களில் ஒருத்தியிடம் கேட்டிருக்கலாம். தையல் பகுதிக்குள் போய், மெசின் சத்தத்தில், எல்லாரும் பார்க்க, கத்திக் கேட்கவேண்டும். எனக்குக் கூச்சம். ஆளணி அலுவலகம் என் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறை. ரூபன் முள்ளியவளை ஆள். கதவடியில் நின்று கேட்டேன்.

"அண்ணை, பொங்கல் எந்தத் திங்கள்?"

அவன் கணினியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருபத்தொன்பது, தங்கச்சி" என்றான்.

நான் இருபத்திரண்டாம் திகதியைத் தெரிவு செய்து கடிதம் அனுப்பினேன். கடிதம் போன பிறகுதான் தெரிந்தது, பொங்கல் இருபத்திரண்டில் என்று.

திகதியை மாற்றக் கேட்டோம். அடுத்த தவணை கார்த்திகையில் என்றார்கள். அதற்குள் நிர்வாகம் ஆள் முகவர் மூலம் புதுப் பிள்ளைகளை இறக்கிவிடும். எங்கள் விகிதம் விழுந்துவிடும். இருப்பதைக் கொண்டு போவோம் என்று அக்கா முடிவெடுத்தா.

முந்நூற்றெட்டுப் பேர் வாக்களித்தார்கள். முந்நூற்றொருவர் ஆதரவு. ஏழு பேர் எதிர். பெட்டியைத் திறந்து எண்ணியதும் எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். திணைக்கள அதிகாரி கை தட்டி முடியும்வரை காத்திருந்து, நாங்கள் தோற்றுவிட்டோம் என்றார். தொழிற்சாலை இடாப்பில் உள்ள மொத்தப் பேரில் நூற்றுக்கு நாற்பது பேர் ஆதரிக்கவேண்டும். 375. வராதவர்கள் எல்லாரும் எதிர்த்தவர்களின் பக்கம்.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. ஊழியர் சபை என்று ஒன்றை நிர்வாகம் தொடங்கியது. அதற்கு ரூபன் லைன் லைனாகப் போய்ப் பெயர் எழுதினான். கேக் வெட்டினார்கள். வலைப்பந்துப் போட்டி வைத்தார்கள். முகவர் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறினார்கள், பெயர் கேட்டுப் பழகமுதல் போனார்கள். இரஞ்சிதம் அக்காவை அயன் பகுதிக்கு மாற்றி, எட்டு மணித்தியாலம் நீராவிக்குள் நிற்கவைத்து, கடைசியில் சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதி வாங்கினார்கள். எழுதி வாங்கியது ரூபன். பேனையும் அவனுடையது. 412 பேர், 260 ஆகி, 90 ஆகி, இப்போது 19.

இதற்கு மேல் அவன் இன்னொன்றும் செய்தான். முள்ளியவளை பஸ்ஸில் ஏறி நின்று சொல்லியிருக்கிறான்: "திகதியைத் தெரிஞ்சு குடுத்தது உங்கட செயலாளர்தான். ஸ்கந்தபுரத்துப் பெட்டைக்கு எங்கட அம்மாளின்ர நாள் ஒரு பொருட்டோ?"

அன்றைக்குப் பிறகு அந்த பஸ்ஸில் வரும் பெண்கள் என்னோடு கதைக்கவில்லை. நான் அவனிடம் கேட்டதை யாருக்குச் சொல்வது? கூட யாரும் நிற்கவில்லை. சாட்சி இல்லை. இரண்டு வருடம் அவன் என் ஆய்வுக்கூடக் கதவைக் கடக்கும்போதெல்லாம் "என்ன தங்கச்சி, சுகமோ?" என்று கேட்டான்.

*

வேலை போய் ஐந்தரை மாதத்தில் ரூபன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மோட்டார் சைக்கிளைப் படலையடியில் விட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா கதிரை எடுத்துக் கொடுத்தா. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

"தங்கச்சி, ஒரு உதவி" என்றான்.

நான் அவனுடைய ஹெல்மெட்டைப் பார்த்தேன்.

"திருப்பி எடுப்பாங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டன். எடுக்கேல்லை. தொழில் நியாயசபைக்குப் போறதெண்டா ஆறு மாதத்துக்குள்ள போகோணுமாம். இன்னும் பன்னிரண்டு நாள்தான் கிடக்கு. லோயர் வைக்க என்னட்டை வழியில்லை. சங்கம் எண்டா லோயர் இல்லாமலே ஆஜராகலாம்தானே."

"நீங்கள் சங்கத்தில இல்லையே."

"சேரலாம்தானே?" சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தான். எங்கள் அங்கத்துவப் படிவம். வடிவாக நிரப்பியிருந்தான். முன்பு பெண்களிடம் பறித்து வைத்த படிவமாக இருக்கவேண்டும். "உங்கட கிளைக்குத் தலைவி இல்லை. நீங்கள் சைன் வச்சாக் காணும்."

"சொந்த விருப்பத்தில விலகிறன் எண்டு எழுதிக் குடுத்தனீங்களாம்?"

அவன் காது சிவந்தது. "எழுதவச்சவங்கள்."

"வாசிக்காமலோ சைன் வச்சனீங்கள்?"

"வாசிச்சனான். கதவைப் பூட்டிப்போட்டு முன்னால இருந்தா என்ன செய்யிறது, தங்கச்சி?"

"இரஞ்சிதம் அக்காவுக்கும் கதவு பூட்டியிருந்ததோ?"

அவன் ஹெல்மெட்டின் வாரைத் திருகினான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இப்படி ஒரு கேள்வியை ஒருவர் முகத்துக்கு நேரே நான் அதற்குமுன் கேட்டதில்லை. நல்லாக இருந்தது.

படிவத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்தால் போதும். போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் ஒருவரைத் தோற்கடிக்கலாம் என்று எனக்குக் காட்டியவனே அவன்தான். ஆனால் அது எனக்குப் போதவில்லை. அவன் தோற்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு முள்ளியவளையே அதைக் காதால் கேட்கவேண்டும்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முள்ளியவளைச் சனசமூக நிலையத்துக்கு வாங்கோ" என்றேன். "எல்லாரையும் கூப்பிடுறன். திகதி எப்பிடி வந்தது எண்டு நீங்கள் உங்கட வாயால சொல்லோணும். சொன்னா உங்கட வழக்கைப் போடுவன்."

"தங்கச்சி, அது என்ர ஊர். பிள்ளையளும் அங்கதான் படிக்குது."

"ஓம்" என்றேன். "அதுதான் அங்க."

*

நாற்பது பேரளவில் வந்தார்கள். பாதிப் பேர் தொழிற்சாலையை விட்டவர்கள். இரஞ்சிதம் அக்கா வேலை போனபின் முதல்முறை என்னோடு ஒரே வாங்கில் இருந்தா. றாபியாவும் பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் இருந்து சைக்கிளில் வந்திருந்தாள். நான் ஐம்பது அங்கத்துவப் படிவங்களும் பத்துப் பேனைகளும் கொண்டு போய் மேசையில் வைத்தேன். ரூபன் பேசி முடித்ததும் அவர்கள் திரும்பிச் சேருவார்கள் என்பது என் கணக்கு.

ரூபன் உள்ளே வந்ததும் சிவலட்சுமி அக்கா தொடங்கினா. அவா அவனுக்கு ஏதோ வழியில் மாமி முறை.

"என்ன சேர், கேற்றுக்கு இஞ்சால வெயில் கூடவோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"பகிடி விடாதேங்கோ மாமி."

"மாமியோ? உள்ளுக்க இருக்கேக்க என்னை 'ஏழாம் லைன்' எண்டெல்லோ கூப்பிட்டனீ. இப்ப வந்து மாமியாம்!"

"கதிரையில இருக்காதேங்கோ சேர்" என்று பின்னால் இருந்து ஒருத்தி. "சொந்த விருப்பத்தில நில்லுங்கோ."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. இரஞ்சிதம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ரூபன் நின்றபடியே சொன்னான். கூட்டிக் குறைக்காமல் சொன்னான். "அந்தப் பிள்ளை என்னட்டை வந்து பொங்கல் எந்தத் திங்கள் எண்டு கேட்டவா. நான் இருபத்தொன்பது எண்டனான். எனக்கு இருபத்திரண்டு எண்டு தெரியும். வேணுமெண்டுதான் சொன்னனான்."

சிவலட்சுமி அக்கா எழும்பினா.

"எட நாயே. அம்மாளின்ர நாளை வச்சோ எங்களுக்கு வெட்டினனீ? அண்டைக்கு உன்ர மனுசியும் என்ர பக்கத்தில நிண்டெல்லோ பொங்கினவள்!"

"பஸ்ஸில ஏறி நிண்டு பழியை அந்தப் பிள்ளையில போட்டவனும் இவன்தான்."

"காறித் துப்போணும்."

ஒருத்தி துப்பினாள். அவனுடைய செருப்புக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது. பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை மாறியிருந்தது. "எங்களை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு வருடம் நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். அது ஏறத்தாழ நான்கு நிமிடம் நீடித்தது.

"எனக்கே அந்த நாள் தெரியும்" என்றாள் றாபியா. "நான் பள்ளிவாசலுக்குப் போற ஆள். என்னட்டைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனே, சுகந்தினி."

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ரூபன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இன்னொண்டும் சொல்லோணும்" என்றான். "திகதியை நான் பிழையாச் சொன்னனான். அது என்ர பாவம். ஆனா வராமல் விட்டா எதிர் வாக்கு எண்டு உங்களுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

"திணைக்களக் கடிதத்தில மூண்டாம் பந்தியில தெளிவாக் கிடந்தது. மொத்தத் தொகையில நாப்பது வீதம் எண்டு. கடிதம் செயலாளரின்ர பேருக்கு வந்தது. கொப்பி எனக்கு வந்தது. இவ எழும்பிச் சொல்லிப்போட்டா நீங்கள் பொங்கப் பானையோடயாவது வந்து போட்டிட்டுப் போவியள் எண்டு நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளேல்லை. இவ சொல்லேல்லை."

இரஞ்சிதம் அக்கா மெதுவாகத் திரும்பினா. "சுகந்தினி?"

"ஓம் அக்கா."

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

வாக்கெடுப்புக்கு முந்தின கடைசிக் கூட்டம் நடந்தது இதே மண்டபத்தில். அன்றைக்கு அக்கா, "முள்ளியவளைப் பிள்ளையள் ஆறுதலாப் பொங்குங்கோ, மிச்சப்பேர் போட்டாலே நாங்கள் வெண்டிடுவம்" என்று சொன்னா. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மூலையில் இருந்தேன். கையில் கடிதம் இருந்தது. அது பிழை என்று எனக்குத் தெரியும். எழும்பவேண்டும், தலைவி சொன்னது பிழை என்று நூறு பேருக்கு முன்னால் சொல்லவேண்டும். கூட்டம் முடியத் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்ததும் அக்காவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பஸ் ஹோர்ன் அடித்தது. பிறகு 118 பேர் வராவிட்டாலும் சங்கத்துக்கு வெளியில் இருந்தும் ஆட்கள் போடுவார்கள், எப்படியும் 375 வரும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். எழுபத்து நான்கு குறைந்தது.

"பின்னை ஏனடி சொல்லேல்லை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். குறுக்க..."

"குறுக்கயோ?" அக்கா சிரித்தா. அதைவிட அவா என்னை அடித்திருக்கலாம். "நான் எட்டு மாதம் ஆவிக்குள்ள வெந்தனான். நீ வெக்கப்பட்டதாலயோ?"

"இவன் கள்ளன் எண்டு எங்களுக்குத் தெரியும்" என்றா சிவலட்சுமி அக்கா. "கள்ளனிட்ட நாங்கள் ஏமாறேல்லை. உன்னைப் படிச்ச பிள்ளை எண்டு நம்பித்தான் கெட்டனாங்கள்."

அவா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனா. பின்னால் மற்றவர்கள். போகும்போது ரூபனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. றாபியா கடைசியாக நின்று, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். மேசையில் ஐம்பது படிவங்களும் அப்படியே இருந்தன. நான் அடுக்கிப் பையில் வைத்தேன்.

ரூபன் படியில் நின்றான். "நீங்கள் கேட்டதைச் செய்தனான், தங்கச்சி" என்றான்.

*

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் தொலைபேசியில் அழைத்தான். நான் எடுக்கவில்லை. வியாழக்கிழமை கடைசி நாள்.

அவன் வீட்டில் விட்டுப்போன படிவத்தை எடுத்துப் பார்ப்பேன், திருப்பி வைப்பேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் கதை அங்கேயே முடியட்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனபோது, முகவர் பிள்ளை ஒருத்தி தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, "அக்கா, இஞ்ச சங்கம் எண்டு ஒண்டு இருந்ததாம், உண்மையோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "பிறகென்ன நடந்தது?" என்றாள். எனக்குப் பதில் இருந்தது. அவளுக்குக் காட்ட ஒரு தாள்கூட இருக்கவில்லை. நடந்தது எல்லாம் நாற்பது பேருடைய வாயில் மட்டும் இருந்தது. அவர்களும் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பெடுத்து, அவனுடைய படிவத்தில் கையெழுத்து வைத்து, கிளிநொச்சியில் ஒரு கடையில் இருந்து விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தேன். ஆறு பந்தி. முதல் மூன்றும் வழமையானவை. எப்போது சேர்ந்தான், என்ன பதவி, எப்படி நிற்பாட்டினார்கள். மற்ற மூன்றும் நான் சேர்த்தவை. பின்னேரம் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவன் மனைவி விமலேஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்தா. நான் தொடவில்லை. ரூபன் விறாந்தையில் இருந்து வாசித்தான். நாலாம் பந்தியில் நின்றான். திரும்ப வாசித்தான்.

"இதென்ன? 'நிர்வாகத்தின் ஆளணி அலுவலராக, வாக்கெடுப்புக்கு முன் பொங்கல் திகதி பற்றிப் பொய்த் தகவல் வழங்கினேன். இரஞ்சிதம் என்பவரின் விலகற் கடிதத்தைப் பூட்டிய அறையில் நானே எழுதி வாங்கினேன்.' இதை ஏன் போடுறீங்கள்?"

"உங்கட கடதாசியும் அப்பிடித்தான் வாங்கினது எண்டு காட்ட. அது அங்கத்தை வழக்கம் எண்டு வரும்."

"கொம்பனி லோயர் இதை வச்சு என்னை நாறடிப்பான்."

"ஓம்."

அவன் அடுத்த பந்திக்குப் போனான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இதில உங்கட பேரும் கிடக்கு. 'நாற்பது வீத விதி கிளைச் செயலாளருக்குத் தெரிந்திருந்தும் அங்கத்தவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை.' நீங்களும் நாறுவீங்கள், தங்கச்சி."

"ஓம்."

"விசரோ உங்களுக்கு?"

"நாளைக்குக் கடைசி நாள், அண்ணை. சைன் வையுங்கோ. இல்லாட்டி விடுங்கோ."

விமலேஸ்வரி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "வையுங்கோ" என்றா அவனிடம். "நானும் எத்தினை நாளைக்குத் தலை குனிஞ்சு கிணத்தடிக்குப் போறது? எழுத்தில கிடக்கட்டும்."

அவன் கையெழுத்து வைத்தான். ஒவ்வொரு தாளிலும் கீழே வைக்கச் சொன்னேன். வைத்தான். பேனை என்னுடையது.

பிறகு ஆறாம் பந்தியைக் காட்டினான். "வழக்கு முடியுமட்டும் சங்கத்தின்ர மாதாந்தக் கூட்டத்துக்கு வரோணும் எண்டு கிடக்கு. அப்பிடி ஒரு சட்டம் இருக்கோ?"

"இல்லை. நான் போட்டது."

"ஆர் வருவினம் கூட்டத்துக்கு?"

"நான் வருவன். நீங்கள் வருவீங்கள்."

"இரஞ்சிதம் அக்கா?"

"கடிதம் போட்டிருக்கிறன். முதல் ஞாயிறு, நாலு மணி. உங்களையும் என்னையும் என்ன கேக்கோணுமோ கேக்கட்டும். அவா ஒருநாளும் வராமலும் விடலாம்." தாள்களை உறைக்குள் வைத்தேன். "நீங்கள் ஒருநாள் எண்டாலும் வராட்டி நான் நியாயசபைக்கு வரமாட்டன்."

"வழக்கு எவ்வளவு காலம் போகும்?"

கொழும்புத் தலைமையகத்தில் கேட்டிருந்தேன். மூன்று வருடம், சிலவேளை ஐந்து என்றார்கள். அதை அவனுக்குச் சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்தான்.

நான் எழும்பிச் செருப்பைப் போட்டேன். எனக்கு அவசரம் இல்லை.